யோபுவின் துன்பமும் நண்பர் சுமத்திய பழியும்

எபிரேய மறைநூல்களுள் துன்பத்தை ஆழ்ந்து ஆராய்வது 42 அதிகாரங்களையுடைய யோபுவின் நூல். ஊத்ஸ் நாட்டில் நேர்மையாய் வாழ்ந்த யோபு, தம் 7 புதல்வரையும் 3 புதல்வியரையும் பெருஞ்செல்வத்தையும் இழந்து, உடலெங்கும் கொடிய பருக்களால் வாதையுற்றார்.

ஆறுதல் கூற வந்த எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் நண்பர் மூவரும் 7 நாள் இரவும் பகலும் அவரருகே தரையில் மௌனமாய் அமர்ந்திருந்தனர். அம்மௌனமே அவர்கள் காட்டிய மெய்யன்பு. யோபு புலம்பத் தொடங்கியதும், பாவஞ் செய்தவனே துன்புறுவான் என வாதிடலாயினர். யோபுவோ செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டாரிலர்; கடவுளையே வினவினார்; எனினும் நம்பிக்கையைக் கைவிட்டாரிலர். முடிவில் கடவுள் கடிந்துகொண்டது அந்நண்பர்களையே.

படைப்புக் கடவுளை நாம் ஏற்பதில்லை. ஆயினும் இந்நூலில் நமக்கொரு பாடம் உண்டு. பிணியுற்றோரையும் தாழ்த்தப்பட்டோரையும் நோக்கி, எல்லாம் முற்பிறப்பின் வினை என்று கூறுவோர் இன்றும் உளரன்றோ?

சம்யுத்த நிகாயத்தில், மோலியசீவகர் என்னும் பரிவிராசகர் இதனையே வினவினார். பகவான் புத்தர் பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவமாற்றம், உடலைப் பேணாமை, பிறர் தாக்குதல், கன்மவிளைவு என 8 காரணங்களை எடுத்துரைத்தார். அனைத்தும் முன்வினைப் பயனே என்பது பிழை என்றும் அருளினார். கன்மம் அவ்வெட்டனுள் ஒன்றேயாம்.

ஆதலின், துன்புறுவோரிடம் குற்றந் தேடாது, அருகிருந்து துயர் துடைப்பதே தம்மவழி நிற்போர் கடமை.