எஞ்சின் ஒயில்: அளவும் தெரிவும்

மாணவர்களே! உராய்வைக் குறைக்கும் வழிகள் எவை என்று வினாத்தாளில் கேட்டால் ‘எண்ணெய் இடல், கிறீஸ் பூசல்’ என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். அந்த எண்ணெய் எஞ்சினுள் என்ன செய்கிறது, ஏன் குறைகிறது, எதைத் தெரிவு செய்வது என்று ஒருபடி மேலே கேட்டால் பலர் பேனாவைக் கடிக்கிறார்கள். நெடுங்கேணியில் லான்ட் மாஸ்ரரோ மோட்டார் சைக்கிளோ ஓட்டோவோ நிற்காத ஒழுங்கை குறைவு. ஆகவே இப்பாடம் பரீட்சைக்கும் உதவும், வீட்டு வாகனத்துக்கும் உதவும்.

முதலில் ஒயிலின் வேலை. சிலிண்டருக்குள் பிஸ்ரன் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் ஓடுகிறது. உலோகமும் உலோகமும் நேரே உரசாதபடி இடையில் மெல்லிய படலமாக நிற்பது ஒயில். அது வெப்பத்தைக் கடத்திச் செல்கிறது; கரியையும் உலோகத் துகளையும் தன்னோடு ஏந்திச் செல்கிறது. ஓடிய ஒயில் கறுப்பது இதனால்தான். கறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் அது கெட்டுவிட்டது என எழுதக் கூடாது.

ஒயில் குறைவதற்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, வெளியே கசிதல். வாகனம் நின்ற இடத்தில் மண்ணைப் பார்த்தாலே இது தெரியும். மற்றது, உள்ளே எரிதல். பிஸ்ரன் றிங் தேய்ந்தால் ஒயில் தகன அறைக்கு மேலேறி எரியும். வால்வுச் சீல் பழுதானால் மேலிருந்து கீழிறங்கி எரியும். இரண்டிலும் புகைக்குழாயில் நீலப்புகை வரும். காலையில் ஸ்ரார்ட் செய்யும்போது மட்டும் வந்து பின் நின்றால் வால்வுச் சீலையும், பாரமேற்றி ஏற்றத்தில் ஏறும்போது வந்தால் றிங்கையும் பெரும்பாலும் சந்தேகிக்கலாம். கரும்புகை என்பது வேறு; அது எரிபொருள் அதிகமாகப் போவதன் அடையாளம்.

நம் பகுதிக் கிரவல் பாதைகளின் தூசி இங்கே முக்கியம். தூசியில் உள்ள நுண்மணல் காற்று வடியைத் தாண்டி உள்ளே போனால் றிங்கை அரம்போல் அராவிவிடும். ஒயிலுக்குச் செலவழிப்பவர்கள் காற்று வடியைத் தட்டிப் பார்ப்பதில்லை என்பது என் நீண்டநாள் குறை.

நுகர்வைக் கணிப்பது எளிது. ஒரு காரின் அளவுக்கம்பியில் மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடைப்பட்ட அளவு 1 லீற்றர் என்க. 2,500 கிலோமீற்றர் ஓடியபின் மட்டம் மேற்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு வந்தால், 1,000 கிலோமீற்றருக்கு நுகர்வு 400 மில்லிலீற்றர். சில தயாரிப்பாளர்கள் 1,000 கிலோமீற்றருக்கு 1 லீற்றர் வரை உச்ச எல்லையாக ஏற்பதுண்டு. ஆனால் நேற்று 100 மில்லிலீற்றர் குடித்த எஞ்சின் இன்று 400 குடித்தால், எல்லைக்குள் இருந்தாலும் கவனிக்க வேண்டும். (2ரீ ஒயில் கலக்கும் இரண்டடிப்பு எஞ்சின் இக்கணக்கில் சேராது. அங்கே ஒயில் எரிவதற்கென்றே ஊற்றப்படுகிறது.)

இனி, நம் மண்ணின் அனுபவத்துக்கு வருவோம். அளவுக்கம்பி பொய் சொல்லும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 1990 ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையால் வடக்கில் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. வன்னியில் இந்நிலை 2002 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தடை நீங்கும் வரை நீடித்தது. மோட்டார் சைக்கிள்களும் மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளி விட்டு ஸ்ரார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய் அதை ஓட்டும். உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள், அந்தப் புகையின் மணத்தையே சொல்வார்கள்.

பெற்றோல் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறக்குறைய 150 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலையிலேயே கொதிக்கத் தொடங்கும். சூடு போதாத எஞ்சினில் அதன் ஒரு பகுதி ஆவியாகாமல் துளியாகவே சிலிண்டர்ச் சுவரில் வழியும். வழியும்போது ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே ஒயில் தொட்டியில் சேரும். இப்போது என்ன நடக்கும்? மட்டம் குறையாது, சிலவேளை ஏறும். பார்ப்பவர் ‘ஒயில் நிறைய இருக்கிறது’ என மகிழ்வார். உண்மையில் உள்ளே இருப்பது ஒயிலும் மண்ணெண்ணெயும் கலந்த நீர்த்த திரவம். பிசுக்குமை குறைந்தால் படலம் நிற்காது. பெயாரிங்கும் றிங்கும் தேயும். எனவே மட்டத்தோடு மணத்தையும் பார்க்க வேண்டும். விரலிடையில் தேய்த்து வழுவழுப்பையும் பார்க்க வேண்டும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போதும் இது திரும்பியது. அவ்வாண்டு ஆகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்ததால் பெற்றோலுடன் கலந்தோர் உண்டு. அன்று வன்னியில் வேறு வழி இருக்கவில்லை. மலிவுக்காகக் கலப்பதை அதனோடு ஒப்பிட முடியாது.

தெரிவுக்கு வருவோம். போத்தலில் 20டபிள்யூ-50 என்றிருந்தால் ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முன் எண் சிறிதாக இருந்தால் குளிர்ந்த நிலையில் ஒயில் விரைந்து பாயும். பின் எண் 100 பாகை செல்சியசில் உள்ள தடிப்பின் தரம். எண் பெரிதானால் தடிப்புக் கூடும். இடைவெளி கூடிய பழைய எஞ்சின்களுக்கு 20டபிள்யூ-50 பொருந்தியது. இன்று ஓடும் ரொயோற்றா அக்குவா போன்ற கலப்பின வாகனங்களுக்கு 0டபிள்யூ-20 விதிக்கப்பட்டுள்ளது. அதற்குள் தடித்த ஒயிலை ஊற்றினால் ஒடுங்கிய வழிகளில் விரைந்து பாயாது; எரிபொருட் செலவும் கூடும். தேய்ந்த எஞ்சினுக்குச் சற்றுத் தடித்த ஒயில் ஊற்றினால் புகை குறையலாம். அது காலத்தைத் தள்ளிப்போடுதல், வைத்தியம் அன்று.

ஏ.பி.ஐ. தரத்தில் ‘எஸ்’ எழுத்தில் தொடங்குவது பெற்றோல் எஞ்சினுக்கும் ‘சி’ எழுத்தில் தொடங்குவது டீசல் எஞ்சினுக்கும் உரியது. பெற்றோல் வரிசையில் எஸ்.எல். 2001 இலும் எஸ்.என். 2010 இலும் எஸ்.பி. 2020 இலும் வந்தவை. மோட்டார் சைக்கிளில் கிளச்சும் அதே ஒயிலில் நனைவதால் ‘ஜாசோ எம்.ஏ.’ என்ற குறியைத் தேடுக. கார் ஒயிலை ஊற்றினால் கிளச் வழுக்கக்கூடும். விலை கூடியதே நல்லது என்பது பிழை. வாகனக் கையேட்டில் உள்ள தரமே முதல் விதி. மூடி உடைந்த போத்தலையும் பெயரற்ற ‘அளந்து ஊற்றும்’ ஒயிலையும் தவிர்க்கவும். கழித்த ஒயிலைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம்.

பயிற்சி

1. ஒரு கார் 1,800 கிலோமீற்றரில் 450 மில்லிலீற்றர் ஒயிலை நுகர்ந்தது. 1,000 கிலோமீற்றருக்கான நுகர்வைக் காண்க. (விடை: 250 மில்லிலீற்றர்)

2. ஒயில் ஊற்றாமலே அளவுக்கம்பியில் மட்டம் ஏறியுள்ளது. மண்ணெண்ணெய் மணமும் வருகிறது. காரணத்தைப் பிசுக்குமை, ஆவியாதல் என்னும் சொற்களைப் பயன்படுத்தி விளக்குக.

3. ‘நீலப்புகை வந்தால் தடித்த ஒயில் ஊற்றினாற் போதும்.’ இக்கூற்றை நீர் ஏற்கிறீரா? காரணம் தருக.

4. உமது வீட்டிலோ அயலிலோ உள்ள வாகனமொன்றின் ஒயிற் போத்தலிலுள்ள எண்களையும் எழுத்துக்களையும் குறித்து வந்து அவற்றின் பொருளை எழுதுக.