காஸ் அடிக்கும் முன்: மன்னார்க் கரையில் பழைய காரும் ஏசியும்

தலைமன்னாரிலிருந்து பேசாலை வழியாக மன்னார் ரவுனுக்கு வரும்போது கண்ணாடியை இறக்கினால் உப்புக்காற்றும் மணலும், ஏற்றினால் வேக்காடு. 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை வாகன இறக்குமதி நின்றிருந்த காலம் முதல் பழைய கொரோலாவையும் சன்னியையும் கைவிடாமல் காத்து ஓடுகிறவர்கள் நாங்கள். ஏசி குளிரவில்லை என்றதும் எங்கள் வாயில் வருவது ஒன்றுதான்: "காஸ் அடிச்சாச் சரியா, அண்ணை?"

பெரும்பாலும் சரியாகாது. ஏசி காஸ் பெற்றோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருகிறது. பழைய ரப்பர் ஹோஸ்களால் வருடக்கணக்கில் சிறிது ஊறிப் போவதுண்டு. ஆனால் போன மாதம் அடித்தது இந்த மாதம் இல்லையென்றால் அது ஓட்டைதான்.

முன் கிறில்லுக்குள் குனிந்து கொண்டென்சரைப் பாருங்கள். என் காரில் பார்த்தபோது அலுமினியத் தகடுகள் வெள்ளையாகப் பூத்திருந்தன; நகம் பட்டதும் பொரித்த அப்பளமாக உதிர்ந்தன. கீழ் மூலையில் மட்டும் எண்ணெய் கசிந்து, மணல் ஒட்டிக் கறுத்திருந்தது. காஸ் வெளியேறும்போது கம்ப்ரசர் எண்ணெயையும் கூட்டிக்கொண்டுதான் வரும். அந்தக் கறையைக் காணாமல் நான் இரண்டு தடவை காஸுக்குக் காசு கொடுத்திருந்தேன்.

ஆகவே குளிர் குறைந்தால் முன்னால் இருப்பவை நாலு வழிகள். முதல் வழியான 'கொஞ்சம் ஏற்றிவிடுவது' மலிவு, ஆனால் கடைசியில் அதுதான் செலவு. உள்ளே எவ்வளவு மிச்சமென்று தெரியாமல் ஏற்றினால் கூடினாலும் குளிர் குறையும், கம்ப்ரசரும் திணறும். கேஜ் ஊசியை மட்டும் நம்ப முடியாது. வெளிவெப்பத்தோடு அதுவும் ஏறி இறங்கும்.

இரண்டாவது, சிறிய ரின் வாங்கி வீட்டில் தானே ஏற்றுவது. கசிவு இல்லையென்று உறுதியானால் மட்டும் யோசிக்கலாம். திரவமாகத் தெறிக்கும் ஆர்-134ஏ என்ற ஏசி காஸ் மைனஸ் 26 பாகை செல்சியஸில் கொதிப்பது. கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டு, திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள். ரின்னைத் தாழ் அழுத்தப் பக்கத்தில் மட்டுமே பூட்டவேண்டும். உயர் அழுத்தப் பக்கத்தில் பூட்டினால் ரின் வெடிக்கலாம்.

மூன்றாவதுதான் என் தெரிவு: முழு வேலை. மிச்சக் காஸை இயந்திரத்தால் இழுத்தெடுத்து, நைதரசன் ஏற்றிக் கசிவு தேடி, பழுதை மாற்றி, அரை மணிக்குக் குறையாமல் வெக்யூம் போட்டு, ஊசி ஏறாமல் நிற்கிறதா பார்த்து, பிறகு கிராம் கணக்கில் நிறுத்து ஏற்றுவது. எங்கள் ஈரக் காற்று உள்ளே தங்கினால் வால்வில் பனியாக உறைந்து அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமுமாகும். அதனால் திறந்த சிஸ்டத்துக்கு ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் புதிதாக வேண்டும். கசிவு தேட ஒட்சிசன் சிலிண்டரைத் தூக்கினால் அந்த இடத்திலேயே தடுத்துவிடுங்கள். எண்ணெயோடு ஒட்சிசன் சேர்ந்தால் வெடிக்கும்.

பொனற்றுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆர்-12 என்றிருந்தால் கதை வேறு. ஓசோனை அரிக்கும் அந்தக் காஸ் 1987ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையால் ஒழிக்கப்பட்டது. 134ஏக்கு மாற்றலாம். ஆனால் பழைய மினரல் எண்ணெய் 134ஏயோடு கலக்காது, கம்ப்ரசர் வறண்டுபோகும். எஸ்டர் எண்ணெய், புதிய ஓ-ரிங், டிரையர், இணைப்பு வாய்கள் மாற்றி, பழைய அளவில் 80 முதல் 90 வீதம் ஏற்றவேண்டும். 134ஏ ஓசோனுக்குக் கேடில்லை. ஆனாலும் காபனீரொட்சைட்டைவிட 1,430 மடங்கு புவியை வெப்பமாக்கும். காற்றில் திறந்துவிட எவரையும் விடாதீர்கள்.

நாலாவது, சமையல் காஸ் இனத்தைச் சேர்ந்த கலவைகள். குளிரும், விலையும் குறையும். ஆனால் அவை தீப்பற்றும். உங்கள் டாஷ்போர்டுக்குள் எவாப்பரேற்றர் கசிந்தால் அந்தக் காஸ் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குள்ளேயே நிறையும். ஒரு பொறி போதும். அதற்கென வடிவமைக்காத காருக்கு இதை எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

முழு வேலைக்கு வவுனியா வரை போவதானால் ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி ஓடுங்கள். காஸ் குறைந்த கம்ப்ரசருக்கு எண்ணெயும் போய்ச் சேராது. திரும்பி வந்தபின் வாரத்துக்கு ஒருநாள் கொண்டென்சரில் நல்ல தண்ணீரை மெதுவாக விட்டு உப்பைக் கழுவுங்கள். பிரஷர் வோஷர் வேண்டாம், தகடுகள் மடிந்துவிடும்.