விருந்து சாப்பிட்ட ராத்திரி கால் பெருவிரல் வலிப்பது ஏன்?

தீபாவளி லீவு முடிந்து வேலை தொடங்கும் நாளில், பெரட்டுக்கு முன்பே மருந்தறை வாசலில் யாராவது ஒருவர் நொண்டிக்கொண்டு நிற்பார். “ஐயா, மரக்கட்டையில இடிச்சிக்கிட்டேன் போல இருக்கு” என்பார். எங்கே, எப்போது என்று கேட்டால் பதில் வராது. பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கிப் பளபளவென்று இருக்கும். நடு ராத்திரியில் வலி தொடங்கியதாம். போர்வை பட்டாலே உயிர் போகிறதாம். முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால்தான் கதை வெளியே வரும். ஆட்டு ஈரல், குடல் கறி, கூடவே நாலைந்து போத்தல் பீர்.

இது இடிபட்ட வலி அல்ல, கௌட் என்ற மூட்டு நோய். நம் இரத்தத்தில் யூரிக் ஆசிட் என்ற கழிவு உண்டு. உடம்பிலும் அது உண்டாகிறது. ஈரல், குடல், நெத்திலி, மத்தி, கெராங் போன்றவற்றைத் தின்றாலும் கூடுகிறது. சிறுநீரகம்தான் அதை வெளியேற்ற வேண்டும். தேங்கிப்போனால் ஊசி ஊசியான உப்பாக மூட்டுக்குள் படிந்துவிடும். பீர், சம்சு குடித்தால் இந்தக் கழிவு அதிகமாக உண்டாகும், வெளியேறுவதும் குறையும். வெயிலில் வேலை செய்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், இனிப்பான கேஸ் தண்ணியும் கெடுதல்தான்.

அதற்காக வீட்டுக்காரம்மா சமையலைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலோருக்கு சிறுநீரகம் சரியாக வெளியேற்றாததே முதல் காரணம், பரம்பரையாகவும் வரும். இரத்தக் கொதிப்புக்குத் தரும் சில நீர் மாத்திரைகளாலும் கூடும். ஆனால் அதை நீங்களாகவே நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். பருப்பு, கீரையை விட வேண்டியதில்லை.

வலி வந்த காலை உருவிவிடக் கூடாது. காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள், தண்ணீர் குடியுங்கள், அன்றைக்கே வந்து காட்டுங்கள்.

எனக்குப் பெரிய கவலை கடை மாத்திரையும் ஜாமுவும்தான். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வலி பறந்துவிடும். சில ஜாமு, மாஜுன் மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் திருட்டுத்தனமாகக் கலந்திருப்பதை சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வெட்டுக்காரர் பல வருஷம் வலி மாத்திரையையே வாங்கிச் சாப்பிட்டார். கடைசியில் சிறுநீரகம் கெட்டு, இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறார். கால் வலிக்காக ஒரு தடவைகூட இரத்தம் சோதித்ததில்லை.

அந்தச் சோதனையில் யூரிக் ஆசிட் 360க்குக் கீழே இருப்பது நல்லது. வலி இருக்கும்போது சரியான அளவு போலவே காட்டலாம். ஆகவே இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். டாக்டர் அலோபியூரினால் கொடுத்திருந்தால் வலி வந்தாலும் நிறுத்தாதீர்கள். ஆனால் உடம்பில் தடிப்போ சொறியோ கண்டால் உடனே நிறுத்திவிட்டு ஓடி வாருங்கள், உயிருக்கே ஆபத்தாகலாம்.

எல்லாக் கால் வலியும் கௌட் ஆகாது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இரண்டு பாதமும் எரிந்து மதமதப்பாக இருந்தால் இனிப்பு நீரா என்று பார்க்க வேண்டும். காய்ச்சலோடு மூட்டு வீங்கினாலோ, காலில் புண் இருந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மருந்தறைக்கு வரும்போது இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டை, ஜாமு பொட்டலம் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். நான் திட்ட மாட்டேன்.