இரத்த அழுத்த மருந்தும் நோயாளியின் திருப்தியும்

இரத்தக் கொதிப்பு என்று கிராமங்களில் வழங்கும் உயர் இரத்த அழுத்தம், பெரும்பாலும் வலியோ சுரமோ காட்டாத நோயாகும். அழுத்தம் 140-க்கு 90 என்ற அளவைத் தாண்டிய பின்னரும் ஒருவர் வழக்கம்போல் வரப்பு வெட்டலாம். சந்தைக்குப் போய் வரலாம். ஆகவே இதற்கான மருந்தின் நிலைமை விசித்திரமானது. அது செய்யும் நன்மை உட்கொள்பவருக்குத் தெரிவதில்லை. தொல்லை ஏதேனும் இருந்தால் அது மட்டுமே தெரிகிறது. பலர் பாதியில் நிறுத்திவிடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். நிறுத்தியதன் விளைவோ, பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ பின்னர் ஒருநாள் வந்து நிற்கக்கூடும்.

நம் மாநிலத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்றது. அதன்பின் மாத்திரை வாயிற்படி வரை வருகிறது. வாயிற்படியிலிருந்து வயிற்றுக்குச் செல்கிறதா என்பதே அடுத்து அறிய வேண்டுவது.

"மருந்து எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "நன்றாக இருக்கிறது" என்ற விடையே வரும். கொண்டு வந்து கொடுத்தவரிடம் குறை சொல்வது நம் மக்களுக்கு வழக்கமன்று. இந்த இடர்ப்பாட்டை நீக்க அறிஞர்கள் 2004-இல் ஒரு வினாத்தாளை வெளியிட்டனர். டி.எஸ்.கியூ.எம். என வழங்கும் அதில் 14 கேள்விகள் உள்ளன. மருந்தின் பலன் பற்றி 3, பக்க விளைவுகள் பற்றி 5, உட்கொள்ளும் வசதி பற்றி 3, பொதுவான திருப்தி பற்றி 3 என அவை பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பிரிவுக்கும் 0 முதல் 100 வரை தனி மதிப்பெண் உண்டு. உதாரணமாக, வசதி பற்றிய மூன்று கேள்விகளுக்கும் 7-க்கு 5 வீதம் ஒருவர் அளித்தால் கூட்டுத்தொகை 15. அதில் 3-ஐக் கழித்து, 18-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 67 வரும்.

பின்னர், இரத்த அழுத்த நோயாளிகளிடமே சோதித்து, 9 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவம் 2009-இல் வெளியாயிற்று. அதில் பக்க விளைவுக் கேள்விகள் ஐந்தும் இல்லை. ஆராய்ச்சிக்கு அது போதுமானதாக இருக்கலாம். கிராமத்துக்கு விடுபட்ட அந்த ஐந்தே முக்கியமானவை என்பது நம் கருத்து. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கம் தரும். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். நீர் பிரியச் செய்யும் மாத்திரையை உட்கொண்டு களையெடுக்கச் செல்லும் பெண்ணின் சங்கடம் சொல்லாமலே விளங்கும். இவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் தெரிவித்தால், மருந்தையோ, அளவையோ, வேளையையோ மாற்றித் தர இயலும்.

திருப்தி வேறு, அழுத்தம் கட்டுப்படுவது வேறு என்பதையும் மறக்கலாகாது. ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கொள்பவர் தொல்லை குறைந்து மிகவும் திருப்தியாயிருப்பார்; அவர் அழுத்தமோ 160-இல் நிற்கும். பலன் பற்றிய கேள்விக்கு நோயாளி உணர்ச்சியைக் கொண்டு விடை சொல்ல இயலாது. ஆதலால் சென்ற மாத அளவையும் இம்மாத அளவையும் அட்டையில் எழுதிக் காட்டிய பிறகே அதனைக் கேட்பது நன்று.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இவ்வினாத்தாள் முழுவதையும் கையாள வேண்டுவதில்லை. நான்கு பிரிவுகளையும் தனித்தனியே விசாரிக்கச் செய்தால் போதும். மாத்திரை தருபவரல்லாத வேறொருவர், வீட்டில் தனிமையில் கேட்பது உசிதம். ஒருவருடைய நோயைக் கிராம சபையில் பேசுதல் கூடாது. மாத்திரை இருப்பில் இல்லாமை, அழுத்தமானி பழுது, துணை சுகாதார நிலையம் திறக்கும் நேரம் ஆகியவை சபையில் பேசத்தக்கவை.

கேள்விகள் கடந்த இரண்டு மூன்று வாரங்களைப் பற்றியனவாதலின், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கேட்பது போதாது. நடவுக் காலத்தில் விடியுமுன் வயலுக்குச் செல்பவர் தரும் விடை, வேலை ஓய்ந்த மாதத்தில் அவரே தரும் விடையைப்போல் இராது.