விதைக்காய்

வலசை என்பது ஓரிடம் விட்டு மற்றோரிடம் பெயர்தலைக் குறிக்கும் சொல்லாகும். தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசை, செங்கோட்டைப் பக்கத்துக் கணக்கப்பிள்ளைவலசை முதலிய ஊர்ப்பெயர்களில் அச்சொல் நின்று நிலவுகிறது. மாந்தரைப்போலப் பயிர்களும் வலசை வருவதுண்டு. நம் கொல்லைகளில் படரும் மஞ்சட்பூசணி அவ்வாறு வந்ததேயாம். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டுக் குகையொன்றில், ஏறத்தாழ 10,000 ஆண்டுகட்கு முன் மக்கள் பயிரிட்ட பூசணியினத்தின் விதைகள் கிடைத்துள்ளன. 1498 ஆம் ஆண்டிற் போர்ச்சுகீசியர் நம் நாட்டிற்குக் கடல்வழி கண்ட பின்னரே அக்காய் இங்கு வந்தது. பரங்கிக்காய் என்னும் பெயரே அதற்குச் சான்று. தென்பாண்டி மக்கள் தடியங்காய் என வழங்கும் வெண்பூசணியோ வேறினம். அஃது ஆசியாவுக்கு உரியது.

செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்றுப் புகுந்து சாரல் தூவும் ஆடிப்பட்டம் பூசணி ஊன்ற ஏற்ற காலம். ஒன்றரை அடி ஆழக் குழியில் மக்கிய தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, ஐந்து விதைகளை ஓரங்குல ஆழத்தில் ஊன்றுக. முளைத்தபின் வலிய கன்றுகள் இரண்டை நிறுத்திப் பிறவற்றைக் களைக. இளங்கன்றைச் செவ்வண்டு கடிக்கும். பனியீரம் உலருமுன் இலைமேற் சாம்பல் தூவுதல் நம்மவர் வழக்கம்.

மாணவர்களே, இனி நீங்கள் ஊன்றி நோக்கவேண்டியது பூவை. ஒரே கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. முதலில் மலர்வன பெரும்பாலும் ஆண்பூக்களே. அவை உதிர்வது கண்டு கொடி மலடு என வருந்துவோர் உண்டு. பெண்பூவின் அடியிற் சிறு பிஞ்சு காணப்படும். இரண்டும் விடியலில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும். அதற்குள் தேனீ மகரந்தம் கொணரவேண்டும். அத்தேனீ அடுத்த வீட்டு வேற்று வகைப் பூசணியினின்று வருமாயின், காய் தாயைப்போலவே இருக்கும். உள்ளிருக்கும் விதையோ கலப்புற்றுவிடும். ஆதலால், மறுநாள் மலரவிருக்கும் ஆண்மொட்டையும் பெண்மொட்டையும் மாலையிலேயே நூலாற் கட்டிவிடுக. விடியலில் ஆண்பூவைக் கொய்து, இதழ் நீக்கி, அதன் தாதினைப் பெண்பூவின் சூல்முடியில் தடவி, மீண்டும் கட்டுக. காம்பில் ஒரு துணி முடிந்து வைத்தால் அக்காய் விதைக்காய் என்பது வீட்டார்க்கு விளங்கும்.

அதனைப் பறியாமற் காத்தல்தான் அரிது! நோயற்ற கொடியில் திரண்ட காயையே விதைக்கு விடவேண்டும். அடுக்களைக்கும் அக்காய் மீதே கண். கடையில் வாங்கும் கலப்பின விதை முதற்போகம் ஒருசீராகக் காய்க்கும். அதன் விதையை மீண்டும் ஊன்றினால் குணங்கள் சிதறும். ஆண்டுதோறும் விதைக்குக் கடையை நாடிய வீட்டில், பாட்டி காத்த நாட்டுவிதை ஓசையின்றி அற்றுப்போகும். தம் விளைச்சலினின்று விதை எடுத்து வைக்கவும், பிறரோடு மாற்றிக்கொள்ளவும் உழவர்க்குள்ள உரிமையை 2001 ஆம் ஆண்டுச் சட்டமொன்று ஏற்றிருக்கிறது. ஆயினும் விதையே இல்லாதவனுக்கு அவ்வுரிமையாற் பயன் என்னை?

காம்பு உலர்ந்து, தோலில் நகம் பதியாத நிலையிற் காயைப் பறித்து, மூன்று வாரம் நிழலில் வைத்துப் பின் பிளக்கவேண்டும். விதைகளை அலசி, நிழலில் உலர்த்தி, சாம்பல் புரட்டி மூடிய கலத்தில் இட்டால், முளைப்புத்திறன் சில ஆண்டுகள் நிற்கும். ஒரே கொடியை நம்பாது, இரண்டு மூன்று கொடிகளின் விதைகளைச் சேர்த்து வைத்தல் நன்று. ஒரு பிடியை அண்டை வீட்டாரிடமும் கொடுத்து வைக்கலாம்.