பூனைக்கும் சர்க்கரை வியாதி

"பூனைக்குமா சார் சர்க்கரை வியாதி?" என்று நம் சங்கப் பொங்கல் விழாவில் ஒரு நண்பர் கேட்டுச் சிரித்தார். இரண்டு மாதம் கழித்து அவரே போன் செய்தார். வேலைக்காகப் புனே போன மகள் விட்டுச் சென்ற பூனை தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகர்வதில்லை என்றார். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போகிறதாம். அவருக்குச் சொன்னவற்றை நம் உறுப்பினர்கள் எல்லோருக்கும் பயன்படட்டுமே என்று ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

நான் மருத்துவன் அல்ல. டிப்ளமோ முடித்து ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டு மணிக்கு வயது 12. சர்க்கரையோடு சிறுநீரகக் கோளாறும் ஈறு நோயும் சேர்ந்து வந்தன. டாக்டரிடம் கேட்டதும் நோட்டுப் புத்தகத்தில் நானே குறித்து வைத்ததும்தான் இந்தக் கட்டுரை.

நோயை அறிவது எப்படி?

பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் நம்மில் பலருக்கு இருக்கும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் போன்றதே. நடுவயதைக் கடந்த, எடை கூடிய, வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஆண் பூனைகளுக்கு அதிகம் வருகிறது. இரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 270-ஐத் தாண்டினால் சிறுநீரில் இறங்கும். அதோடு தண்ணீரும் போகும். அதனால்தான் அந்தத் தாகம். சில பூனைகள் பின்னங்கால் குதி தரையில் படும்படி நடக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பயந்துபோன பூனைக்குச் சர்க்கரை நோய் இல்லாமலேயே ஆஸ்பத்திரி மேசையில் அளவு 300 வரை ஏறலாம். ஆகவே ஒரு தடவை பார்த்து முடிவு செய்யக்கூடாது. சிறுநீர்ப் பரிசோதனையும் 'ஃப்ரக்டோசமைன்' என்ற இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். நமக்கு மூன்று மாதச் சராசரி பார்ப்பதுபோல, இது பூனையின் கடந்த ஓரிரு வாரச் சராசரியைக் காட்டும்.

தயிர்சாதம் வேண்டாம்

நம்மில் பலர் சைவம். பூனைக்கும் பாலும் தயிர்சாதமும் வைத்தே பழகிவிட்டோம். எங்கள் வீட்டிலும் அதேதான். ஆனால் பூனை மாமிசம் தின்னப் பிறந்த பிராணி. அதற்குத் தேவையான 'டாரின்' என்ற சத்து அரிசியிலும் பருப்பிலும் கிடையாது. மாவுச்சத்து குறைந்த, புரதம் நிறைந்த பூனை உணவே சர்க்கரைக்கு நல்லது. டின்னிலோ பாக்கெட்டிலோ வரும் ஈரமான உணவு பொதுவாக உலர்ந்த உருண்டைகளைவிட மேல். என் மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் முதல் பாக்கெட்டைப் பிரித்தாள். இப்போது அவளே நேரம் தவறாமல் வைக்கிறாள்.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

நம் நாட்டில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவுகளில் விற்கப்படுகிறது. ஒன்றில் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட், மற்றதில் 100 யூனிட். 40-க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. மணிக்கு முதலில் 40 யூனிட் மருந்து, வேளைக்கு 2 யூனிட். பிறகு டாக்டர் 100 யூனிட் மருந்துக்கு மாற்றினார். வீட்டில் மீதியிருந்த சிவப்பு மூடி சிரிஞ்சை வீணாக்குவானேன் என்று அதிலேயே 2-வது கோடு வரை இழுத்துப் போட்டேன்.

கணக்குப் பாருங்கள். அந்த 2-வது கோடு என்பது 0.05 மி.லி. 40 யூனிட் மருந்தானால் 2 யூனிட். 100 யூனிட் மருந்தானால் 5 யூனிட். ஆயுள் முழுக்க அளவுகோலோடு வாழ்ந்த நான் இரண்டரை மடங்கு மருந்தை ஏற்றிவிட்டேன். நான்கு மணி நேரத்தில் மணி தள்ளாடியது. அழைத்தால் திரும்பவில்லை. பிறகு உடல் வெட்டி வெட்டி இழுத்தது. மீட்டரில் 38. ஈறில் தேன் தடவிக்கொண்டே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குளுக்கோஸ் ஏற்றி, மறுநாள் காலைதான் திருப்பித் தந்தார்கள். பிழைத்தது அதிர்ஷ்டம். மருந்து மாறினால் சிரிஞ்சையும் மாற்றுங்கள். பழையதை அன்றே வீட்டை விட்டு அகற்றுங்கள்.

கூட இருக்கும் நோய்கள்

சர்க்கரை மட்டும் இருந்தால் வழி நேரானது. வேறு நோயும் இருந்தால், ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றைத் தொடும்.

சொத்தைப் பல், ஈறு நோய், சிறுநீரில் கிருமி ஆகியவை இன்சுலினை வேலை செய்யவிடாது. அளவைக் கூட்ட வேண்டிவரும். அந்த நோய் குணமானதும் அதே அளவு அதிகமாகிவிடும். மணிக்குக் கெட்ட பற்களைப் பிடுங்கிய பின் சில வாரங்களில் 3 யூனிட் 1 யூனிட்டாக இறங்கியது. தினமும் அளந்து வந்ததால்தான் அது தெரிந்தது.

சிறுநீரகம் கெட்டாலும் தாகமும் சிறுநீரும் கூடும். ஆகவே தண்ணீர் குடிப்பதை மட்டும் பார்த்து இன்சுலினைக் கூட்டாதீர்கள். மேலும் சிறுநீரகத்துக்கு உகந்த உணவில் பாஸ்பரஸ் குறைவு. மாவுச்சத்து சற்றே கூடலாம். எதற்கு முதலிடம் என்பதை டாக்டர் சொல்லட்டும். பட்டினி கிடப்பதைவிடப் பூனை விரும்பித் தின்னும் உணவே மேல்.

கணைய அழற்சி வந்தால் வாந்தி வரும், பசி போகும். அரிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ தரும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். எனவே எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மருந்துச் சீட்டுகளையும் கொண்டு போங்கள். நம் மாத்திரைகளை நாமாகக் கொடுக்கக் கூடாது. முக்கியமாகப் பாரசிட்டமால் பூனையின் உயிரைக் குடிக்கும்.

சந்தேகம் வந்தால் சிவப்பு

சிக்னல் பிரிவில் முதல் பாடம் இதுதான்: கம்பி அறுந்தாலும் மின்சாரம் நின்றாலும் சிக்னல் சிவப்பில்தான் நிற்க வேண்டும். வண்டி தாமதமானால் மன்னிப்பு உண்டு, மோதினால் இல்லை. இன்சுலினும் அப்படியே. உயர்ந்த சர்க்கரை வாரக்கணக்கில் கெடுக்கும். தாழ்ந்த சர்க்கரை மணிக்கணக்கில் கொல்லும். நான் பின்பற்றும் விதிகள் இவை:

1. ஊசிக்கு முன் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். காது ஓரத்தில் சிறு குத்து, ஒரு சொட்டு போதும். நம் குளுக்கோமீட்டர் பூனைக்குச் சற்றுக் குறைத்தே காட்டும். ஆனாலும் ஏற்ற இறக்கம் புரியும்.

2. டாக்டர் குறித்துக் கொடுத்த எல்லைக்குக் கீழே இருந்தாலோ, பூனை சாப்பிடாவிட்டாலோ, ஊசி போடாமல் முதலில் அவருக்குப் போன் செய்ய வேண்டும். எங்களுக்கு அவர் குறித்தது 150.

3. ஊசி உள்ளே போனதா, ரோமத்தில் சிந்தியதா என்று சந்தேகம் வந்தால் இரண்டாவது ஊசி கிடையாது. அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம்.

4. நாமாக அளவைக் கூட்டக்கூடாது. மாற்றம் செய்தால் ஐந்து முதல் ஏழு நாள் பொறுத்துப் பலனைப் பார்க்க வேண்டும்.

5. சிவப்பு விளக்கு என்றால் சும்மா இருப்பது என்று பொருள் அல்ல. ஒரு வேளை தவறினால் பொதுவாகப் பெரிய கேடில்லை. ஆனால் வாந்தியும் சோர்வும் சேர்ந்து ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்தால் இரத்தத்தில் 'கீட்டோன்' ஏறும். அது ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டிய நிலை.

6. தேதி, நேரம், அளவு, ஊசி, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுத வேண்டும். வீட்டில் இருவர் ஊசி போடுவதானால் இது கட்டாயம். இல்லையேல் ஒரே வேளைக்கு இரண்டு ஊசி விழும்.

ஆரம்பத்திலேயே நன்கு கட்டுப்படுத்தினால் சில பூனைகளுக்கு இன்சுலின் தேவையே இல்லாமல் போவதும் உண்டு. மணிக்கு அந்த யோகம் இல்லை. சிறுநீரகம் மெல்லத் தேய்ந்து வருகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் காலை ஆறு மணிக்குக் காதைக் காட்டிக்கொண்டு தானாக வந்து உட்காருகிறது. என் குளுக்கோமீட்டரும் அதன் குளுக்கோமீட்டரும் ஒரே மேசையில் இருக்கின்றன. முதலில் அதற்கு, பிறகு எனக்கு.