பாமாயிலும் தோல் புற்றுநோயும்

அன்னாசிக்குப் பேர்போன பெக்கான் நானாஸைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்களும் ஏராளம். மானிய விலையில் 2.50 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் ஒரு கிலோ பாக்கெட் பாமாயிலை நம்பி அடுப்பு எரியும் வீடுகளில், வாட்ஸ்அப்பில் வரும் ஒரு வரி பெரிய பயத்தைக் கிளப்பிவிடுகிறது.

நம்பிக்கை: பாமாயில் சாப்பிட்டால் தோல் புற்றுநோய் வரும்.

உண்மை: இந்தப் பேச்சுக்குப் பின்னால் தரமான ஆய்வு ஒன்று இருக்கிறது. பார்சிலோனாவில் சால்வடோர் அஸ்னார் பெனிடாவின் குழு செய்த அந்த ஆய்வு 2021-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. நோயாளிகளிடமிருந்து எடுத்த வாய்ப்புற்று செல்களையும், மெலனோமா என்ற தோல் புற்று செல்களையும் எலிகளின் உடலில் வைத்துப் பார்த்தார்கள். பாமாயிலில் உள்ள பால்மிட்டிக் என்ற கொழுப்பு அமிலம் பட்ட செல்கள் மற்ற உறுப்புகளுக்கு அதிகமாகப் பரவின. அந்த அமிலம் மிகுந்த உணவை நிறுத்திய பிறகும் அவை அந்தக் குணத்தை விடவில்லை. ஓலெயிக், லினோலெயிக் என்ற வேறு கொழுப்பு அமிலங்கள் அப்படிச் செய்யவில்லை.

ஆனால் ஆராயப்பட்டது, ஏற்கெனவே இருக்கிற புற்று பரவும் விதம், அதுவும் எலியில். நல்ல தோலில் பாமாயில் புற்றை உண்டாக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. பாமாயிலில் பால்மிட்டிக் சுமார் 44 விழுக்காடு என்றால், ஓலெயிக்கும் சுமார் 40 விழுக்காடு உண்டு. வெண்ணெயிலும் ஆட்டுக்கறியிலும் பால்மிட்டிக் இருக்கிறது. சர்க்கரை மிஞ்சினால் நம் ஈரலே அதைத் தயாரித்துக்கொள்கிறது. பாமாயிலை ஒதுக்கிவிட்டு, இனிப்பான தே தாரிக்கை வேளைக்கு வேளை குடிப்பவர் அந்த அமிலத்திடமிருந்து தப்பிவிடவில்லை. எண்ணெயை அளவோடு ஊற்றுவது இதயத்துக்கு நல்லது, அதில் சந்தேகமில்லை. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் மட்டும் பயந்துபோய்த் தாமாகவே கொழுப்பை முழுக்க நிறுத்தி மெலிந்துவிட வேண்டாம். மருத்துவரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

நம்பிக்கை: மீன் எண்ணெய் மாத்திரை புற்றுநோயைத் தடுக்கும்.

உண்மை: 25,871 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த 'வைட்டல்' ஆய்வு 2018-இல் வெளியானது. தினம் 1 கிராம் மாத்திரை புற்றுநோயைக் குறைக்கவில்லை.

நம்பிக்கை: நம் கறுத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் வராது.

உண்மை: எண்ணெயைவிட இதற்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். கறுப்பு நிறம் வெயிலின் கெடுதலைக் குறைக்கிறது. ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு மெலனோமா வந்தால், பல வேளைகளில் வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால்விரல் நகத்தின் கீழே மெலனோமாவைக் கண்டுபிடித்தார்கள். 1981-இல், 36 வயதில் இறந்தார். நாளெல்லாம் பூட்ஸ் போட்டு வேலை செய்கிறவர்கள் மெலனோமாவின் கருங்கறையை முள் குத்திய தழும்பு என்றோ, அடிபட்டுக் கட்டிய ரத்தம் என்றோ எளிதில் நினைத்துவிடுவார்கள். அடிபட்ட ரத்தக்கறை நகம் வளர வளர நுனிப்பக்கம் நகர்ந்துவிடும். நகராத கறையையும், பாதத்தில் விரிந்துகொண்டே போகும் கருமையையும் தள்ளிப்போடாமல் அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். தொடக்கத்திலேயே வெட்டி எடுத்தால் மெலனோமா குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.